நிதியாண்டும் மழையாண்டும்: தர்மபுரி, கிருஷ்ணகிரி பூங்காக்கள் ஏன் சித்திரையில் காய்கின்றன?

மார்ச் மாதக் கடைசி வாரத்தில் தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு நகர்ப் பூங்காவின் வாசலில் சரக்கு வண்டி நின்று, சதுரம் சதுரமாக வெட்டிய கார்ப்பெட் புல் அதிலிருந்து இறங்குவதைப் பார்த்தால், நடப்பது பராமரிப்புப் பணி அல்ல, கணக்கு முடிக்கும் பணி என்று பெரும்பாலும் கொள்ளலாம். நிதியாண்டு 31-ஆம் தேதியோடு முடிகிறது. ஒதுக்கிய தொகையை அதற்குள் செலவிட்டுப் பட்டியல் எழுதியாக வேண்டும். புல்லும் நடப்படுகிறது, மரக்கன்றுகளும் ஊன்றப்படுகின்றன, புகைப்படமும் எடுக்கப்படுகிறது. பெயர்த்து வைத்த புல் புதிய மண்ணில் வேர் பிடிக்கச் சாதாரணமாக இரண்டு மூன்று வாரங்கள் ஆகும், அந்த நாள்களில் மேல்மண் உலரவே கூடாது. அந்த இரண்டு மூன்று வாரங்களோ இங்கே சரியாகச் சித்திரை வெயிலின் தொடக்கத்தில் வந்து விழுகின்றன.

இரு மாவட்டங்களிலும் பூங்காப் புல்வெளிகளும் விளையாட்டுத் திடல்களும் ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே மாதத்தில் கருகுவதற்குப் பணப் பற்றாக்குறை பாதிக் காரணம்தான். மீதிப் பாதி நாள்காட்டியில் இருக்கிறது. அலுவலக ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் பிறக்கிறது. இந்த மண்ணின் ஆண்டோ முதல் கோடை மழையில் கண் விழித்து, ஆடி, ஆவணியில் வேகம் பிடித்து, ஐப்பசியில் உச்சம் கண்டு, மாசியில் அடங்கிவிடுகிறது. இந்த இரண்டு கணக்குகளும் ஒன்றை ஒன்று தொடாமலே ஓடிக்கொண்டிருக்கின்றன. மானாவாரி நிலத்தில் கேழ்வரகும் நிலக்கடலையும் விதைக்கிற எந்த விவசாயியும் பங்குனியில் விதையைக் கையில் எடுக்க மாட்டார். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன பழமொழி பூங்காப் புல்லுக்கு மட்டும் பொருந்தாமல் போவதற்குக் காரணம் ஏதுமில்லை.

மழைக் கணக்கிலிருந்து தொடங்குவோம். இப்பகுதியின் ஆண்டு மழை சராசரியாக 850 மில்லிமீட்டரை ஒட்டியது. கடலோர மாவட்டங்களைப் போல வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பி இங்கே யாரும் இருப்பதில்லை. தென்மேற்குப் பருவமழையின் பங்கு இங்கே அதற்குக் குறைந்ததல்ல. அதிக மழை செப்டம்பரிலும் அக்டோபரிலும் விழுகிறது. அதற்கு முன்னர், மே மாதத்தில் இடியோடும் சூறைக்காற்றோடும் வரும் கோடை மழை தனியாக ஒரு கணிசமான அளவைத் தந்துவிட்டுப் போகிறது. ஜூனும் ஜூலையும் பார்ப்பதற்கு மேகமூட்டமாக இருந்தாலும் மழை குறைவு, காற்று அதிகம். ஆடிக்காற்று மண்ணின் ஈரத்தை மாலைக்குள் உறிஞ்சிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை ஏறத்தாழ வறட்சிதான். ஆகவே புல் தானாக வளரத் துடிக்கும் காலம் ஆண்டில் இரண்டு முறை வருகிறது: மே மாதத்தில் சிறிதாக ஒரு முறை, ஆகஸ்ட் பிற்பகுதியிலிருந்து நவம்பர் வரை பெரிதாக மற்றொரு முறை. இந்த இரண்டு அலைகளின் முதுகில் ஏறிக்கொள்கிற பராமரிப்புக்குச் செலவு குறைவு. அவற்றுக்கு எதிராக நீந்துகிற பராமரிப்புக்கு எவ்வளவு பணம் கொட்டினாலும் போதாது.

ஓசூரை மட்டும் இதில் சற்றுத் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே கோடையின் கடுமை குறைவு. ஆனால் மார்கழி, தை மாதக் குளிரில் அருகம்புல் வகைகள் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு பழுப்பேறி நிற்கும். அது நோயல்ல. 25 முதல் 35 டிகிரி வெப்பத்தில் நன்றாக வளரும் வெப்பமண்டலப் புல், 15 டிகிரிக்குக் கீழே இரவுகள் தொடரும்போது ஓய்வெடுக்கிறது. அந்த நேரத்தில் யூரியாவைத் தூவிப் பச்சையாக்க முயல்வது உரத்தை வீணாக்குவதோடு களைகளுக்கு விருந்து வைப்பதுமாகும்.

அடுத்து மண். இங்கே பெரும்பாலான திடல்கள் செம்மண் நிலத்தில், சில அடி ஆழத்திலேயே பாறையோ சரளையோ தட்டுப்படும் இடங்களில் இருக்கின்றன. செம்மண்ணில் மக்கிய கரிமப் பொருள் குறைவு. அடைமழையின் துளிகள் மேல்மண்ணின் கட்டிகளை உடைத்து, நுண்ணிய களித்துகள்களை இடுக்குகளில் நிரப்பிவிடுகின்றன. வெயில் பட்டதும் அந்த மேற்பரப்பு ஓடு போல இறுகிவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்காமல் தெருவுக்கு ஓடுகிறது. மே மாதத்தில் ஒரே மாலையில் 40 மில்லிமீட்டர் கொட்டிய பிறகும், மறுநாள் திடலில் ஒரு சாண் தோண்டினால் அடியில் புழுதியாக இருப்பதன் விளக்கம் இதுதான். காலை நடைப்பயிற்சிக்கு வருவோரின் காலடிகள், ஓட்டுநர் பயிற்சிக்கு வரும் இருசக்கர வாகனங்கள், கூட்டத்துக்கு வரும் வேன்கள் ஆகியவை இந்த இறுக்கத்தை மேலும் அழுத்துகின்றன. நடப்பவர்கள் எல்லோரும் ஓடுதளத்தின் உட்புறத் தடத்தையே தேர்ந்தெடுப்பதால், போட்டியில் மிக முக்கியமான முதல் தடம்தான் முதலில் பள்ளமாகிறது.

மண் இறுக்கத்துக்கான மருந்து எளிமையானது, ஆனால் நேரம் தவறினால் விஷமாகிவிடும். துளையிடும் கருவி இருந்தால் அதைக் கொண்டு, இல்லையென்றால் கடப்பாரையைக் கொண்டு, ஓரடி இடைவெளியில் நான்கைந்து அங்குல ஆழத்துக்குத் துளையிட்டு, சலித்த மணலும் மக்கிய தொழு உரமும் கலந்து தூவி, துடைப்பத்தால் துளைகளுக்குள் தள்ளிவிட வேண்டும். காய்ந்த செம்மண்ணில் கடப்பாரை இறங்காது. சேறாக இருக்கும்போது குத்தினால் துளையின் சுவரே பூசி மெழுகியது போல அடைத்துக்கொள்ளும். முதல் கோடை மழை பெய்த இரண்டாம் மூன்றாம் நாள்தான் அதற்கான நாள். மண் திடலில் உருளை ஓட்டுவதற்கும் இதே விதிதான்.

தர்மபுரிப் பக்கத்தில் ஒரு பள்ளித் திடலைப் பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை இதை எழுதும்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை. மறுநாள் போட்டி, உருளையை இழுக்க நான்கு மாணவர்களோடு உடற்கல்வி ஆசிரியர் தயாராக நின்றார். முதியவர் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்து, விரித்துக் காட்டினார். மண் கொழுக்கட்டை போல விரல் தடத்தோடு அப்படியே இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினார், உடையவில்லை, பிதுங்கியது. “இப்ப உருட்டுனா தோசைக்கல்லு மாதிரி ஆயிடும் சார், நாளைக்கு வெயில் வந்ததும் வெடிச்சிடும். காலைல ஆறு மணிக்கு வந்து பாருங்க” என்றார். மறுநாள் காலை அதே சோதனையில் உருண்டை அழுத்தியதும் பொலபொலவென்று உதிர்ந்தது. பிறகுதான் உருளை நகர்ந்தது. எந்தக் கருவியும் இல்லாமல் மண்ணின் ஈரப்பதத்தை அளக்கும் இந்த முறையை வேளாண் மாணவர்கள் பாடமாகவே படிக்கிறார்கள். நமது ஒப்பந்தப் பட்டியல்களில் உருளை ஓட்டுவதற்கான கூலி விகிதம் இருக்கும், பிடி மண்ணுக்கு இடம் இருக்காது.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எளிய பெருக்கலைச் செய்து பார்த்துவிட்டால் பல வாக்குறுதிகள் தாமாகவே அடங்கிவிடும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர். கோடையில் புல்தரையிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகவும் இலைகள் வழியாகவும் வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால், 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட முழு அளவுக் கால்பந்துத் திடலுக்கு ஒரு நாளைக்கு 35,700 லிட்டர் வேண்டும். அதாவது 12,000 லிட்டர் கொள்ளும் டேங்கர் லாரி மூன்று. புல்லின் உயிரை மட்டும் காப்பாற்ற அதில் பாதி போதும் என்றாலும், ஏப்ரல், மே இரண்டு மாதங்களுக்கு அதுவே நூறு லாரிக்கு அருகில் வந்துவிடும்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும்? கடினப் பாறையில் இறக்கிய ஆழ்துளைக் கிணறுகள் அந்த மாதங்களில்தான் கையை விரிக்கும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த மாவட்டங்கள் இவை. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு நிறைவேற்றப்பட்டு, 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. பல்லில் கறை படியாமல் ஒரு தலைமுறை வளர வேண்டும் என்று காவிரியிலிருந்து ஏற்றிக் கொண்டுவரும் நீரைப் புல்லுக்குப் பாய்ச்சுவதை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது. சுத்திகரித்த கழிவுநீரும், பூங்காவிலேயே தேக்கி வைக்கும் மழைநீரும்தான் மீதமிருக்கும் வழிகள். கோடை முழுவதும் பச்சையாக இருக்க வேண்டும் என்ற ஆசையையே கைவிடுவது இன்னொரு வழி; என் கருத்தில் அதுவே சரியானது. அருகம்புல் காய்ந்தாலும் சாவதில்லை. மண்ணுக்கடியில் அதன் தண்டு உயிரோடு காத்திருந்து, ஒரு மழையில் துளிர்த்துவிடும். அந்த மாதங்களில் வெட்டுவதை நிறுத்தி, புல்லை இரண்டு மூன்று அங்குல உயரத்துக்கு விட்டுவிட்டு, வாரம் ஒரு முறை ஆழமாக நனைத்தால் போதும். தினமும் மாலையில் குழாயைப் பிடித்துக்கொண்டு இலையை மட்டும் நனைப்பது, வேரை மேலே வரப் பழக்கி, வெயிலில் வாட்டுவதற்கான ஏற்பாடாகவே முடியும்.

இந்த விஷயத்தில் ஒரு முரண் உறுத்துகிறது. ஓசூரைச் சுற்றிலும் பசுமைக்குடில்களில் சொட்டுநீரில் ரோஜா வளர்த்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். தளியில் கொய்மலர்களுக்கான இந்திய–இஸ்ரேல் கூட்டு மகத்துவ மையம் இருக்கிறது. காவேரிப்பட்டணம் அருகே பையூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நீரையும் உரத்தையும் அளந்து கொடுக்கத் தெரிந்தவர்கள் இவ்வளவு அருகில் இருக்க, நகரின் நடுவிலுள்ள பூங்காவில் ரப்பர் குழாய் ஒரே இடத்தில் கிடந்து, அந்த இடம் மட்டும் சதுப்பாகி, பத்தடி தள்ளிப் புல் கருகிக் கிடக்கிறது.

எந்தப் புல் என்ற கேள்விக்கு வருவோம். கே.ஆர்.பி. அணை எனப்படும் கிருஷ்ணகிரி அணையின் பூங்காவைப் போல நீர்நிலையின் மடியில் இருக்கும் இடங்களுக்கும், நகரின் நடுவே ஆழ்துளைக் கிணற்றை நம்பி இருக்கும் சிறு பூங்காக்களுக்கும் ஒரே விடை இருக்க முடியாது. கொரியன் புல் மெத்தை போல அழகாக இருக்கும், நடமாட்டத்தைத் தாங்கினாலும் காயம் ஆற மாதக் கணக்கில் ஆகும். அலங்காரப் பாத்திக்கு அது சரி, பந்து விளையாடும் இடத்துக்கு அல்ல. திடலுக்கு அருகம்புல் குடும்பத்து வகைகளே ஏற்றவை. கிழிந்த இடத்தை அவை தாமாகவே பக்கவாட்டில் ஓடி மூடிக்கொள்ளும். விலை கொடுத்துச் சதுரப் புல் வாங்காமல், தண்டுகளை நறுக்கி ஆகஸ்ட் இறுதி மழையில் அரையடிக்கு ஒன்றாக ஊன்றினாலே கார்த்திகைக்குள் தரை மூடிவிடும். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை வெட்ட வேண்டும். ஒரு வெட்டில் இலையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. மூன்று வாரம் விட்டுவிட்டு ஒரேயடியாக மொட்டையடிப்பது நாம் வழக்கமாகச் செய்வது. அதற்குப் பிறகு தெரியும் மஞ்சள் நிறத்தைப் பார்த்து உரம் போதவில்லை என்று முடிவு செய்வதும் நாம்தான்.

ஆனால் புல் வளரும் அந்த மாதங்களில் திடலுக்கு ஓய்வு கிடைப்பதில்லை என்பதே எல்லாவற்றிலும் கடினமான சிக்கல். குறுவட்டப் போட்டிகள், மாவட்டப் போட்டிகள், பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் எனப் பள்ளிகளின் விளையாட்டு நாள்காட்டி மழைக்காலத்தின் மேலேயே படர்ந்திருக்கிறது. அதற்குச் சற்று முன்பு கோடையின் இறுதியில், கிருஷ்ணகிரியின் அடையாளமான மாங்கனிக் கண்காட்சி நகரின் திடலொன்றில் ஏறத்தாழ ஒரு மாதம் நடக்கிறது. ஐப்பசியில் தீபாவளிப் பட்டாசுக் கடைகளுக்கும் திறந்தவெளி தேவைப்படுகிறது. கண்காட்சியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாம்பழத்தால் பெயர் பெற்ற மாவட்டம் அதைக் கொண்டாடாமல் வேறு எதைக் கொண்டாடும்? ஆனால் கொட்டகை பிரித்த பிறகு கிடக்கும் திடலை ஒருமுறை நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: கம்பு நட்ட குழிகள், சரளை கொட்டிய பாதைகள், ராட்டினம் நின்ற இடத்தில் கல்லாகிப்போன மண், எல்லாவற்றுக்கும் மேலாக ஆணிகள். காந்தத்தை ஒரு கட்டையில் கட்டி இழுத்துக்கொண்டே திடல் முழுதும் இரண்டு முறை போய்வருவது, வெறுங்காலோடு கபடி ஆடும் பிள்ளைகளுக்காகச் செய்யும் முதல் வேலையாக இருக்க வேண்டும். திடலை வாடகைக்கு விடும்போதே அதைச் சீர் செய்யும் செலவைத் தனி வைப்புத்தொகையாக வாங்கிக்கொண்டு, திடல் பழைய நிலைக்கு வந்ததைப் பார்த்த பிறகே திருப்பித் தருவது நடைமுறைக்கு ஏற்ற ஏற்பாடு.

போட்டிக்கான தயாரிப்பில் இரண்டு விஷயங்கள் மட்டும். ஒன்று, கோடு போடும் சுண்ணாம்பு. நீர்த்த சுண்ணாம்புத் தூள் ஈரம் பட்டால் தோலையும் கண்ணையும் எரிக்கும். ஓட்டத் தொடக்கத்தில் விரல்களைக் கோட்டுக்குப் பின்னால் ஊன்றிக் குனியும் சிறுவர்களின் முகம் அந்தத் தூளுக்கு மிக அருகில் இருக்கிறது. தோலை எரிக்காத சுண்ணாம்புக்கல் தூளே போதுமானது, பாதுகாப்பானது. மற்றொன்று, நீளம் தாண்டும் மணல் குழி. மழை பெய்து வெயில் காய்ந்ததும் குழியின் மணல் மேலே ஓடு கட்டிக்கொள்ளும். அதைக் குறைந்தது ஓரடி ஆழத்துக்குக் கிளறி, கல் பொறுக்கி, தாண்டும் பலகையின் மட்டத்துக்குச் சமன் செய்யாமல் குதிக்கவிட்டால் கணுக்கால்தான் விலை. செயற்கை இழை ஓடுதளம் இருக்கும் இடங்களில் இந்த வேலைகள் இல்லை என்று நினைக்க வேண்டாம். ஆடிக்காற்று கொண்டுவந்து கொட்டும் செம்மண் துகள் அதன் நுண்துளைகளை அடைத்து, மழைநீர் தேங்கவும் பாசி பிடிக்கவும் வழி செய்கிறது. ஆகவே பருவமழைக்கு முன்னும் பின்னும் அதைக் கழுவியாக வேண்டும்.

பூங்காக்களில் மரங்களுக்கான வேலை கோடை மழைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். மே மாதச் சூறைக்காற்றில் முதலில் முறிவது செம்மயிற்கொன்றையும் தூங்குமூஞ்சி மரமும். புளியும் வேம்பும் புங்கனும் பெரும்பாலும் தாங்கிவிடும். பட்ட கிளைகளை மாசியிலேயே கழித்துவிட்டால், நடைபாதையில் யார் தலையிலும் விழாது. மழைக்காலத்தில் கவனிக்க வேண்டியவை சிறியவை, ஆனால் ஆபத்தானவை: வற்றிய நீரூற்றுத் தொட்டியில் தேங்கும் மழைநீர், பழைய டயரில் செய்த ஊஞ்சலின் உள்வளைவில் நிற்கும் ஒரு கை நீர். டெங்குக் கொசுவுக்கு அவ்வளவு போதும். டயரின் அடியில் ஒரு துளை போட்டுவிட்டால் அந்தக் கவலை ஆண்டு முழுதும் இல்லை.

களைகளில் பார்த்தீனியத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். திடலின் உண்மையான எதிரி நெருஞ்சி. ஆவணி மழையில் தரையோடு படர்ந்து, புரட்டாசியில் அழகான மஞ்சள் பூ பூத்து, பிறகு காயாகி, காய் ஐந்தாகப் பிளந்து, ஒவ்வொரு பிளவும் எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேல்நோக்கி நிற்கும்படி மண்ணில் கிடக்கும். அதைப் பூக்கும் வாரத்திலேயே களைக்கொத்தால் வேரோடு எடுத்துவிட வேண்டும். காய்த்த பிறகு பிடுங்குவது முள்ளை விதைப்பதற்குச் சமம். விதைகள் ஆண்டுக்கணக்கில் மண்ணில் உறங்கக் கூடியவை. அந்த வாரத்தைத் தவறவிட்டால், தையில் நனைத்த சணல் சாக்கின் மேல் ஒரு கல்லை வைத்துத் திடல் முழுதும் இழுப்பதைத் தவிர வேறு வழியில்லை. சாக்கில் ஒட்டிக்கொண்டு வரும் முட்களைப் பார்த்தால் எத்தனை பாதங்கள் தப்பின என்று தெரியும்.

இனி பணம். பூங்கா அமைப்பதற்குப் பணம் கிடைப்பது அரிதல்ல. நகரங்களின் அடிப்படை வசதிகளுக்காக மத்திய அரசு 2015-இல் தொடங்கிய அம்ருத் திட்டத்தில் பூங்காக்களுக்கும் பசுமை வெளிகளுக்கும் திட்ட மதிப்பில் 2.5 விழுக்காடு வரை ஒதுக்க இடமிருந்தது. பெரிய மனைப்பிரிவுகளில் சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. இடமும் வருகிறது, தொடக்கச் செலவும் வருகிறது. அதன் பிறகு பத்து ஆண்டுகளுக்குத் தோட்டப் பணியாளரின் ஊதியம் எந்தத் தலைப்பில் வரும் என்பதுதான் பெரும்பாலும் எழுதப்படாத பகுதி. ஊஞ்சல், சறுக்கு, நுழைவு வளைவு ஆகியவற்றுக்குத் திறப்பு விழா உண்டு, மண்ணில் துளையிடுவதற்கு இல்லை.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. பராமரிப்பு ஒப்பந்தத்தை ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூன் வரை ஓடுவதாக எழுதி, தொகையை மாதவாரியாகப் பிரிக்கலாம்: கடப்பாரை வேலைக்கு மே, நடவுக்கும் உரத்துக்கும் ஆகஸ்ட், செப்டம்பர், களைக்கு அக்டோபர், மரக்கழிப்புக்கு பிப்ரவரி. மார்ச்சில் மிஞ்சும் தொகையைப் புல்லில் போடாமல், வெயிலில் வாடாத பொருள்களில் போடலாம்: மழைநீர்த் தொட்டி, சொட்டுநீர்க் குழாய், புல் வெட்டும் இயந்திரத்தின் பிளேடு, ஊஞ்சல் சங்கிலியின் போல்ட், சலித்த மணல் இரண்டு லோடு. மணல் சித்திரை முழுதும் ஒரு மூலையில் குவிந்து கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. முதல் மழை பெய்த மூன்றாம் நாள் அது தேவைப்படும்.